குச்சி பொய் சொல்லாது

என் மகிழுந்தின் பின்புறத்தில், மின்னூட்டக் கம்பியோடு சேர்த்து இரண்டு பொருள்களை எப்போதும் வைத்திருப்பேன். ஒன்று, நீல அட்டை போட்ட பள்ளிப் பயிற்சிப் புத்தகம். மற்றொன்று, இரண்டடி நீளமுள்ள மூங்கில் குச்சி. அக்குச்சியில் கத்தியால் கீறிய கோடுகள் வரிசையாக இருக்கும். மகிழுந்தைக் கழுவித் தரும் இளைஞர் ஒருமுறை அதைக் குப்பையென்று எண்ணித் தூக்கி எறியப் போனார். நான் பதறிப்போய்த் தடுத்தேன்.

"இது எதற்கு அக்கா?" என்று அவர் வியப்போடு கேட்டார்.

ஒரே வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் குச்சிக்குப் பின்னால் பத்து ஆண்டுக் கதை இருக்கிறது.

2015ஆம் ஆண்டில் நான் ஒரு மின்சார மகிழுந்தை வாங்கினேன். அது ஜப்பானில் தயாரானது. முதல் உரிமையாளர் ஓராண்டு ஓட்டிவிட்டு விற்ற வண்டி அது. காஜாங்கில் நாங்கள் வசிக்கும் குடியிருப்புப் பகுதியில் அப்போது வேறு எவரிடமும் அத்தகைய வண்டி இல்லை. அண்டை வீட்டார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். "மழை பெய்தால் மின்சாரம் தாக்காதா?" என்று ஒருவர் கேட்டார். "சத்தமே இல்லையே, ஓடுகிறதா நிற்கிறதா என்று எப்படித் தெரியும்?" என்று இன்னொருவர் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை அப்பாவிடம் காட்டச் சிரம்பானுக்கு ஓட்டிச் சென்றேன். என் வீட்டிலிருந்து அப்பாவின் வீட்டுக்கு 48 கிலோமீட்டர். அப்பா முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குக் கொண்டு செல்வது அவருடைய வேலை. வண்டி என்றால் அவருக்கு உயிர். வாசலுக்கு வந்தவர், முதல் வேலையாக முன்மூடியைத் திறக்கச் சொன்னார். குனிந்து, இடமும் வலமும் எதையோ தேடினார்.

"எண்ணெய் அளக்கும் குச்சி எங்கேம்மா?"

"இதில் இயந்திர எண்ணெயே கிடையாதப்பா. தீப்பொறிச் செருகி இல்லை, புகைக்குழாய் இல்லை, பெட்ரோல் தொட்டியும் இல்லை. மின்கலம், மின்மோட்டார், அவ்வளவுதான்."

"அப்படியென்றால் இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வாய்?"

நான் பெருமையோடு கருவிப் பலகையைக் காட்டினேன். மின்கலத்தின் நிலையைக் காட்டும் 12 சிறு கட்டங்கள் அதில் ஒளிர்ந்தன. அவற்றுக்கு அருகே, இன்னும் செல்லக்கூடிய தூரம் எண்ணால் காட்டப்பட்டது. அப்பா அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் சென்று இந்த மூங்கில் குச்சியை எடுத்து வந்தார்.

அவர் ஓட்டிய லோரியில் எரிபொருள் அளவைக் காட்டும் முள் பழுதாகிவிட்டதாம். தொட்டி காலியாக இருந்தாலும் பாதி நிறைந்திருப்பதாகவே காட்டுமாம். அதை நம்பி ஒருநாள் நடுக்காட்டுப் பாதையில் நின்றுவிட்டார். குலைகள் நேரத்தில் ஆலைக்குப் போகவில்லை. அன்றைய கூலியில் பாதி பிடிக்கப்பட்டது. மறுநாளே ஒரு மூங்கிலைச் சீவினார். தொட்டியில் ஐந்து ஐந்து லிட்டராக டீசல் ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியை விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் கோடு கீறினார். அதன்பிறகு அந்த லோரி ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை.

"மீட்டர் பொய் சொல்லும், குச்சி பொய் சொல்லாது. இதை நீயே வைத்துக்கொள்" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். மின்சார மகிழுந்துக்குள் மூங்கில் குச்சியா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அப்பா சொன்னது எவ்வளவு உண்மை என்பதைச் சில வாரங்களிலேயே உணர்ந்தேன். கருவிப் பலகை காட்டும் தூரம் ஒரு கணிப்புதான். நாம் அண்மையில் வண்டியை எப்படி ஓட்டினோமோ, அதை வைத்தே அது கணக்கிடுகிறது. நகரத்தில் மெதுவாக ஓட்டிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால் கணிப்பு தவறிவிடும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு மிகுந்து, மின்சாரம் விரைவாகக் கரையும். காஜாங் – சிரம்பான் நெடுஞ்சாலை மந்தின் பகுதியில் குன்றுகளுக்கிடையே ஏறி இறங்கும். ஏற்றத்தில் எண் சரசரவென்று குறையும். இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, கொஞ்சம் மின்சாரத்தை மின்கலத்துக்குத் திருப்பித் தரும். ஆனால், ஏறும்போது செலவானது முழுவதும் இறங்கும்போது திரும்புவதில்லை.

எனவே, நானும் ஒரு 'குச்சி' செய்துகொண்டேன். அதுதான் அந்த நீல அட்டைப் புத்தகம். மாதம் ஒருமுறை மின்கலத்தை முழுமையாக நிரப்புவேன். எத்தனை விழுக்காடு குறைந்தபோது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று குறிப்பேன். அதிலிருந்து முழு மின்னூட்டத்திற்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று கணக்கிடுவேன். முதல் பக்கத்தில், '2015: 132 கிலோமீட்டர்' என்று எழுதினேன்.

என் வண்டியின் மின்கலம் புதிதாக இருந்தபோது 24 கிலோவாட் மணி ஆற்றலைத் தாங்கியது. அதாவது, 1,000 வாட் சலவைப்பெட்டி ஒன்றை இருபத்து நான்கு மணி நேரம் இயக்கப் போதுமான ஆற்றல். புத்ராஜெயாவிலுள்ள அலுவலகத்திற்குப் போய்வர எனக்கு நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் போதும். அப்பாவின் வீட்டுக்குப் போய்வர 96 கிலோமீட்டர். இரண்டுக்குமே 132 தாராளமாகப் போதும் என்று நம்பினேன்.

2017இல் அம்மா காலமானார். அதன்பிறகு அப்பா சிரம்பான் வீட்டில் தனியாக இருந்தார். எங்களோடு வந்துவிடுமாறு எவ்வளவோ அழைத்தோம். "என் கையால் நட்ட வாழையும் முருங்கையும் இங்கே இருக்கின்றன" என்று மறுத்துவிட்டார். ஆகவே, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு மணி நேரம் இருப்பேன். அப்பா சட்டை அணிந்து, தலை சீவி, காப்பி கலந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். குடிப்பேன், நலம் விசாரிப்பேன், கிளம்பிவிடுவேன். திங்கட்கிழமை வேலைகள் எப்போதும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

2018ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், மின்கலத்தின் நிலையைக் காட்டும் 12 கட்டங்களுள் ஒன்று மறைந்துபோனது. பழுதோ என்று பயந்து பட்டறைக்குக் கொண்டு சென்றேன். "பழுதில்லை, வயதாகிறது" என்றார் அங்கிருந்த தொழில்நுட்பர்.

மின்கலத்துக்கு ஏன் வயதாகிறது என்று தேடிப் படித்தேன். அதனுள் லித்தியம் அயனிகள் இரு முனைகளுக்கிடையே போவதும் வருவதுமாக இருக்கின்றன. நிரப்பும்போது ஒரு பக்கம் செல்கின்றன. ஓட்டும்போது மறுபக்கம் திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்தில், காலப்போக்கில் முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. சில அயனிகள் அதில் சிக்கிக்கொள்கின்றன. சிக்கியவை மீண்டும் வேலைக்கு வருவதில்லை. வெப்பம் மிகுந்தால் இந்தத் தேய்வு விரைவாகும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில், வெட்டவெளியில் நிறுத்தப்படும் வண்டிக்கு மூப்பு சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது.

லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியதற்காக 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ ஆகியோரே அம்மூவர். அவர்களுள் குட்இனஃப் அப்போது 97 வயது முதியவர். நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தான். அந்தச் செய்தியை அப்பாவிடம் சொன்னபோது, "தொண்ணூற்றேழு வயதிலா? அவருடைய மின்கலம் மட்டும் தேயவே இல்லை போலிருக்கிறதே!" என்று சிரித்தார்.

அந்த ஆண்டு என் மகள் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நீல அட்டைப் புத்தகத்தைக் கண்டு அவளுக்கும் ஆர்வம் பிறந்தது. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை எடுத்து, காஜாங்கை மையமாக வைத்து, கவராயத்தால் ஒரு வட்டம் வரையப் போனாள். "சாலைகள் நேராகவா போகின்றன?" என்று கேட்டேன். சற்றே யோசித்தாள். பிறகு ஒரு நூலை எடுத்து, சாலைகளின் மீது வளைத்து வளைத்து வைத்து அளந்தாள். நாங்கள் போய்த் திரும்பக்கூடிய கடைசி இடங்களில் புள்ளிகள் இட்டு, அவற்றை இணைத்தாள். வட்டம் வரவில்லை, ஒரு பலாப்பழ வடிவம் வந்தது.

"இதற்குள் இருக்கும் இடங்களுக்கெல்லாம் நாம் போய் வரலாம் அம்மா. தாத்தா வீடு உள்ளேதான் இருக்கிறது. ஆனால், ஓரத்தில் இருக்கிறது" என்றாள்.

அந்த ஆண்டு என் குறிப்பு, '2019: 106 கிலோமீட்டர்'. தாத்தா வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பத்துக் கிலோமீட்டர்தான் மீதம் இருக்கும். திரும்பும் வழியில் குளிரூட்டியை நிறுத்திவிட்டு, சன்னலைத் திறந்துகொண்டு, இடப்பக்கத் தடத்தில் மெதுவாக ஓட்டிவந்த நாள்கள் உண்டு.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், கோவிட் பெருந்தொற்றின் காரணமாக நாடு முழுவதும் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வண்டி வீட்டிலேயே நின்றது. அவசரத்துக்கு உதவுமே என்று நான் அதை முழுமையாக நிரப்பி வைத்திருந்தேன். அது தவறு என்பது பின்னர்தான் தெரிந்தது. லித்தியம் மின்கலத்தை நிறைந்த நிலையில், வெப்பத்தில் நெடுநாள் வைத்திருந்தால் அது விரைவாகத் தேயும். ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால், ஏறத்தாழ பாதியளவில் வைப்பதே நல்லது.

சில வாரங்களுக்குப் பிறகு மளிகைச் சாமான் வாங்கக் கிளம்பினேன். பொத்தானை அழுத்தினேன். வண்டி அசையவில்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை. முழு மின்கலத்தைச் சுமந்துகொண்டு வண்டி செத்துக் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"இதிலும் சாதாரணக் காரில் இருப்பதுபோல் ஒரு சின்ன மின்கலம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறதப்பா. 12 வோல்ட்."

"முதலில் அதைப் பார்."

அவர் சொன்னது சரி. விளக்கு, பூட்டு, கணினி எல்லாம் அந்தச் சின்ன மின்கலத்தால்தான் இயங்குகின்றன. பெரிய மின்கலத்தை மோட்டாரோடு இணைக்கும் விசையைத் தட்டிவிடுவதும் அதுதான். அது வற்றிவிட்டால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. அண்டை வீட்டாரின் வண்டியிலிருந்து கம்பி இணைத்ததும், என் வண்டி கண் விழித்தது. மின்சார மகிழுந்தை ஒருநாளும் ஓட்டாத அப்பா, 48 கிலோமீட்டருக்கு அப்பால் அமர்ந்துகொண்டு அதைப் பழுது பார்த்துவிட்டார்.

காஜாங் சிலாங்கூரில் இருக்கிறது. சிரம்பான் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. மாநிலம் கடந்து செல்லத் தடை இருந்த காலங்களில் அப்பாவைப் பார்க்க முடியவில்லை. 2021இல் அந்தத் தடை பல மாதங்கள் நீடித்தது. அப்போதெல்லாம், "தடை மட்டும் நீங்கட்டும் அப்பா, மறுநாளே வந்து நிற்பேன்" என்று தொலைபேசியில் சொல்வேன். அதை மனத்தாரச் சொன்னேன் என்றே நம்பினேன்.

அக்டோபர் 11ஆம் நாள், தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தடை நீங்கியது. நீல அட்டைப் புத்தகத்தைத் திறந்தேன். '2021: 90 கிலோமீட்டர்' என்று இருந்தது. போய்வர வேண்டிய தூரம் 96. என் மகள் வரைபடத்தில் புதிய கோடு வரைந்தாள். பலாப்பழம் சுருங்கியிருந்தது. தாத்தாவின் வீடு கோட்டுக்கு வெளியே நின்றது.

"அப்பா, வண்டிக்கு அவ்வளவு தூரம் வந்து திரும்பத் தெம்பில்லை" என்று சொன்னேன்.

"பரவாயில்லைம்மா. வண்டியைச் சிரமப்படுத்தாதே" என்றார்.

என் கணவரின் பெட்ரோல் மகிழுந்து வார இறுதிகளிலும் அவருடைய வேலைக்குத் தேவைப்பட்டது. அவருக்கு ஓய்வு கிடைத்த நாள்களில் மட்டும் சிரம்பானுக்குப் போனோம். தீபாவளிக்குப் போனோம், பொங்கலுக்குப் போனோம். இடையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கடந்து போயின. ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் வண்டியின் மேல் பழி போட்டேன். அந்தப் பழியில் உண்மை இருந்தது. ஆனால், முழு உண்மை இல்லை.

முழு உண்மை இதுதான். அப்பாவின் வீட்டிலும் மின்சாரம் இருக்கிறது. என் வண்டியைச் சாதாரண மூன்றுமுனைச் செருகியிலும் நிரப்பலாம். அது எனக்குத் தெரியாததன்று. ஆனால், அது மெதுவான வழி. நான்கு மணி நேரம் செருகி வைத்தால்தான் ஏறத்தாழ 45 கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறும். நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று நினைத்தேன். எங்கே? என் அப்பாவின் வீட்டில். சட்டம் தடுத்தபோது அழுத நான், நான்கு மணி நேரத்தைக் கொடுக்க மனம் வராமல் இருந்தேன்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள் அப்பாவே அழைத்தார்.

"ஒன்று கேட்கிறேன். உன் காருக்கு மின்சாரம்தானே வேண்டும்? வாசலில் புதிதாக ஒரு செருகி வைத்திருக்கிறேன். உரிமம் உள்ள மின்பணியாளரைக் கூப்பிட்டு, தனிக் கம்பி இழுத்து, நிலத்தொடர்பும் கொடுத்தாயிற்று. நீட்டுக் கம்பியெல்லாம் வேண்டாம், சூடாகிவிடும் என்று அவர் சொன்னார். இனிமேல் வண்டி வருமா என்று பார்."

எனக்குப் பேச்சு எழவில்லை. "வண்டி வருமா?" என்று அவர் கேட்டார். "நீ வருவாயா?" என்று கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அப்பா வழக்கம்போல் சட்டை அணிந்து, தலை சீவி, காப்பியோடு காத்திருந்தார். வண்டியை வாசலில் நிறுத்திச் செருகியை மாட்டினேன். முதல் ஒரு மணி நேரம் எப்போதும்போல் கழிந்தது. அப்பா உற்சாகமாகப் பேசினார். வழக்கமாக நான் கிளம்பும் நேரம் வந்தது. வண்டியோ கிளம்பும் நிலையில் இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது மணி நேரத்தில், அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அவருடைய சட்டையின் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மேசையில் நாளிதழ் பிரிக்கப்படாமல் அடுக்கடுக்காக இருந்தது. ஒரு வரி விடாமல் நாளிதழ் படிப்பவர் அவர்.

மூன்றாவது மணி நேரத்தில், எழுந்து தேநீர் வைக்கப் போனார். குவளையில் ஊற்றும்போது பாதி வெளியே கொட்டியது. "கை தவறிவிட்டது" என்றார். சற்று நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து கருகும் நாற்றம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். காலிப் பாத்திரத்தின் அடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் அந்த நீலச் சுடர் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

"அப்பா, கண் சரியாகத் தெரிகிறதா?"

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "ஒரு வருடமாகவே மூடுபனிக்குள் பார்ப்பதுபோல்தான் இருக்கிறது. உனக்கு எதற்குத் தொல்லை என்று சொல்லவில்லை" என்றார்.

என் ஒரு மணி நேர வருகைகளில் இது எனக்குத் தெரிந்ததே இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் தம்மிடம் இருந்த தெம்பையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். எல்லாக் கட்டங்களும் நிறைந்திருப்பதாக எனக்குக் காட்டினார். நானும் அந்த மீட்டரை நம்பினேன். மாதந்தோறும் வண்டியின் தேய்வைப் புத்தகத்தில் எழுதிய எனக்கு, அப்பாவை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. அவரை அறியக் குச்சி ஒன்றும் தேவைப்படவில்லை, நேரம்தான் தேவைப்பட்டது. அந்த நேரத்தைத் தேய்ந்துபோன ஒரு மின்கலம் எனக்குக் கட்டாயப்படுத்திக் கொடுத்தது.

அடுத்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரு கண்களிலும் கண்புரை முற்றியிருந்தது. சில மாத இடைவெளியில் இரண்டு கண்களுக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று, அப்பா வாசலுக்கு வந்து என் வண்டியைக் கூர்ந்து பார்த்தார். "இவ்வளவு கீறலா? வண்டியை இப்படியா வைத்திருப்பாய்?" என்று கடிந்துகொண்டார். அந்தக் கடிந்துரையைக் கேட்டு நான் மகிழ்ந்தேன்.

இப்போது வண்டிக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. "இன்னும் ஏன் இதை வைத்திருக்கிறாய்?" என்று பலர் கேட்கின்றனர். நானும் யோசிக்காமல் இல்லை. புதிய மின்கலம் பொருத்த ஆகும் செலவைப் பட்டறையில் விசாரித்தேன். வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையைவிட அது அதிகம். புதிய வண்டி வாங்கலாம். இன்றைய மின்சார மகிழுந்துகள் பல, ஒரு மின்னூட்டத்தில் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. பல வண்டிகளில் மின்கலத்தைக் குளிர்விக்கத் திரவம் ஓடும் அமைப்பும் உண்டு. ஆதலால், அவை என் வண்டியைப்போல் வெப்பத்தில் வாடுவதில்லை.

ஆனால், கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு மின்சார மகிழுந்தைத் தயாரிக்கும்போது, அதன் மின்கலத்தின் காரணமாக, பெட்ரோல் வண்டியைத் தயாரிப்பதைவிட அதிகக் கரிமம் வெளியாகிறது. புகையில்லாமல் ஓட ஓடத்தான் அந்தக் கடன் அடைகிறது. நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் எரித்தே பெறப்படுகிறது. எனவே, கடன் அடையக் கொஞ்சம் காலம் பிடிக்கும். இயற்கையைக் காக்க மின்வண்டி வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு, ஓடக்கூடிய வண்டியை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பத்து ஆண்டுகளில் இந்த வண்டி என்னிடம் கேட்டவையும் மிகக் குறைவு. சக்கர உறைகள், துடைப்பான்கள், காற்று வடிகட்டி, தடைத் திரவம், இருமுறை 12 வோல்ட் மின்கலம் ஆகியவற்றை மாற்றியிருக்கிறேன். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால், தடைக்கட்டைகள்கூட அவ்வளவாகத் தேயவில்லை. தேய்ந்தது மின்கலம் மட்டுமே.

அந்த மின்கலமும், வண்டியை ஓட்ட முடியாத நிலை வந்த பிறகு குப்பைக்குப் போக வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் யோகான் கிரைஃப் காற்பந்து அரங்கம் உள்ளது. 2018 முதல் அங்கே மின்சாரத்தைச் சேமித்து வைக்க, புதிய மின்கலங்களோடு மகிழுந்துகளில் பயன்படுத்தி முடித்த மின்கலங்களையும் இணைத்திருக்கின்றனர். ஓடும் வேலைக்கு வலிமை போதாதபோது, நின்ற இடத்திலிருந்து செய்யும் வேலை அவற்றுக்குக் கிடைக்கிறது.

ஆகவே, வண்டியை வைத்துக்கொண்டேன். அதனால் இயன்றதை மட்டும் அதனிடம் கேட்கிறேன். நாள்தோறும் அலுவலகத்திற்கு 40 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் வீட்டுக்கு 48 கிலோமீட்டர், பிறகு நான்கைந்து மணி நேர ஓய்வு. அந்த நேரத்தில் அப்பாவும் நானும் சமைப்போம், முருங்கைக்காய் பறிப்போம், அவர் நாளிதழை உரக்கப் படிப்பார், நான் கேட்பேன். சில நாள்களில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். வண்டி எப்போது நிரம்பும் என்று நான் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை.

என் மகள் இப்போது படிவம் ஐந்தில் படிக்கிறாள். நீல அட்டைப் புத்தகத்தை அவளே கவனித்துக்கொள்கிறாள். கடைசிக் குறிப்பை அவள் கையால் எழுதியிருக்கிறாள்: '2025: 74 கிலோமீட்டர்.'

"இதே வேகத்தில் குறைந்தால், இன்னும் சில ஆண்டுகளில் தாத்தா வீட்டுக்கு ஒரு வழிப் பயணமே கடினமாகிவிடும் அம்மா. அப்போது என்ன செய்வோம்?" என்று அவள் கேட்டாள்.

"காஜாங் நிலையம் வரைக்கும் இந்த வண்டியில் போவோம். அங்கிருந்து சிரம்பானுக்குக் கம்யூட்டர் ரயில் இருக்கிறதே" என்றேன்.

அந்த ரயில் முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

மகள் புத்தகத்தை மூடி, மூங்கில் குச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் மின்னூட்டக் கம்பியைச் சுற்றி உள்ளே வைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.